தரை டைல்ஸும் சுவரோர ஸ்கர்ட்டிங்கும்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம், ராணிப்பேட்டை, ஆற்காடு என்று இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் தரை மாற்றும் வேலைகளை மேற்பார்வை செய்து வருகிறேன். டைல்ஸ் என்ன கலர், என்ன சைஸ் என்று வீட்டுக்காரர்கள் நாள் கணக்கில் யோசித்து வைத்திருப்பார்கள். சுவரோரம் நிற்கப்போகிற நாலு இஞ்சுப் பட்டையான ஸ்கர்ட்டிங்கைப் பற்றிக் கேட்டால், "அதைக் கடைசியில் பார்த்துக்கலாம்" என்பார்கள். கதவு இடிப்பது, டைல்ஸ் பற்றாமல் போவது, பீரோ சுவரோடு ஒட்டாமல் நிற்பது எல்லாம் அந்தக் கடைசியில்தான் தெரிய வரும். முதல் டைல் பதிக்கும் முன்பே ஸ்கர்ட்டிங்கை முடிவு செய்துவிட வேண்டும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்கள் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஸ்கர்ட்டிங் கட்டாயம் வேணுமா சார்? இல்லாம விட்டா இன்னா ஆகும்?

வேண்டும். தரை துடைக்கும் தண்ணீர் தினமும் சுவரின் அடியில் படும். கொஞ்ச நாளில் பெயிண்ட் கருக்கும், பெயிண்டுக்கு அடியில் பூசிய பட்டி பொருக்குத் தட்டி உதிரும். கட்டில் கால், நாற்காலி, துடைப்பக்கட்டை இடித்துப் பூச்சு பெயரும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற காரணங்கள்.

தெரியாத காரணம் ஒன்று உண்டு. தரை டைல்ஸ் சுவரை முட்டக்கூடாது, சிறிது இடைவெளி விட்டுத்தான் பதிக்க வேண்டும். அந்த இடைவெளியை மூடி மறைப்பது ஸ்கர்ட்டிங்தான். இதைக் கீழே தனிக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

உயரம் மூணு இஞ்சா, நாலா, ஆறா?

சாதாரண அறைகளுக்கு நாலு இஞ்ச் போதும். மூணு இஞ்ச் பார்க்க மெலிதாக அழகாக இருக்கும், ஆனால் துடைப்பக்கட்டை அதைத் தாண்டிச் சுவரில் படும். மழைச் சாரல் அடிக்கும் வராந்தா, சிட்-அவுட் போன்ற இடங்களுக்கு ஆறு இஞ்ச் வையுங்கள். கூரை உயரமான, சுவரில் ஈரம் ஏறாத பழைய வீடுகளுக்கும் ஆறு பொருந்தும்.

எந்த உயரமானாலும் புதுத் தரை மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். பழைய தரையிலிருந்து கோடு போட்டுவிட்டுப் பிறகு குறைகிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய.

முதல்ல தரையா, ஸ்கர்ட்டிங்கா? மேஸ்திரி ஒண்ணு சொல்றாரு, கடைக்காரர் ஒண்ணு சொல்றாரு.

தரை முதலில். அது இறுகிய பிறகு ஸ்கர்ட்டிங் அதன் மேல் உட்கார வேண்டும். தரை டைல்ஸின் வெட்டு ஓரம் சுவர்ப் பக்கம் கரடுமுரடாகத்தான் இருக்கும், அதை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். மாற்றிச் செய்தால், அதாவது ஸ்கர்ட்டிங்கை முதலில் ஒட்டித் தரையைக் கொண்டுபோய் அதில் முட்டினால், இணைப்பு மேலே பார்த்தபடி திறந்திருக்கும். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் தண்ணீர் நேராக அதற்குள் இறங்கும்.

வாட்டம் கொடுத்த சிட்-அவுட்டில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தரை சரிவாக இருக்கும், ஆனால் ஸ்கர்ட்டிங்கின் மேல் விளிம்பு மட்டமாக இருந்தால்தான் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். நூல் கட்டி மேல் கோட்டை மட்டமாக வைத்துக்கொண்டு, அடிப்பக்கத்தைச் சரிவுக்கு ஏற்ப வெட்டச் சொல்லுங்கள்.

பழைய ரெட் ஆக்சைடு தரை, அதே ஸ்கர்ட்டிங். ரெண்டும் நல்லாத்தான் கீது. இடிக்காம மேலயே டைல்ஸ் போடலாமா?

தரை உறுதியாக இருந்தால் போடலாம். ஆனால் ஒரு வார்த்தை: நல்ல நிலையில் இருக்கும் ரெட் ஆக்சைடு தரையை மூடுவதற்கு முன் இன்னொரு முறை யோசியுங்கள். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் அந்தத் தரை காலுக்குக் கொடுக்கும் குளிர்ச்சியும், பல வருடம் துடைத்துத் துடைத்து வந்த பளபளப்பும் திரும்பக் கிடைக்காது. சில்லறை விரிசல்களைச் சரிசெய்து மெருகேற்றினாலே பல வீடுகளுக்குப் போதும்.

போடுவது என்று முடிவானால், முதலில் தரை முழுக்கக் கட்டையால் தட்டிப் பாருங்கள். டொப் டொப் என்று சத்தம் வரும் இடங்களை உடைத்து நிரப்ப வேண்டும். மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் தேய்த்து, பளபளப்பான மேற்பரப்பைக் கொத்திக் கரடாக்கிய பிறகுதான் பசை. டைல் 8 முதல் 10 மி.மீ., பசை 4 முதல் 6 மி.மீ. எனத் தரை அரை இஞ்சுக்கு மேல் ஏறும். ஆறு இஞ்ச் பழைய ஸ்கர்ட்டிங் இருந்தால், ஏறியது போக ஐந்தரை இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சும், அதையே வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு இடத்தில் மட்டும் முந்தைய பதிலில் சொன்ன வரிசை மாறுகிறது: தரைதான் ஸ்கர்ட்டிங்கை நோக்கிப் போகும். நடுவில் 5 மி.மீ. இடைவெளி விட்டு சிலிகான் போன்ற நெகிழும் பொருளால் அடைக்க வேண்டும், சிமெண்டால் அல்ல.

தரை ஏறினால் உள் அறைக் கதவுகளின் அடிப்பக்கத்தை ஆசாரி வந்து சீவ வேண்டியிருக்கும். வாசல் நிலைக்குக் கீழ்ப்படி இருப்பதால் அங்கே பெரும்பாலும் பிரச்சினை வராது. உள் கதவுகளைத்தான் முதலில் அளக்க வேண்டும்.

பழைய ஸ்கர்ட்டிங்கை எடுக்கச் சொன்னேன். கூடவே சுவர்ப் பூச்சும் ஒரு அடிக்குப் பேந்து வந்துடுச்சு. இப்படித்தான் வருமா?

வரத் தேவையில்லை. உளியை வைப்பதற்கு முன், ஸ்கர்ட்டிங்கின் மேல் விளிம்பை ஒட்டிக் கட்டிங் மெஷினால் சுவர் நெடுக ஒரு கோடு கிழித்துவிட வேண்டும். அதன்பின் அடித்தால் உடைப்பு அந்தக் கோட்டோடு நின்றுவிடும். வெட்டும்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் தூசி அடங்கும். வெட்டுகிறவர் முகமூடி போட்டாக வேண்டும், அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும்.

அதற்கும் முன்னால் மெயினை அணையுங்கள். தாழ்வாக பிளக் பாயின்ட் இருக்கும் சுவரில், ஒயர் குழாய் தரையிலிருந்து மேலேறுகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் தண்ணீர்க் குழாயும் ஓடலாம்.

10க்கு 12 ரூம். ஸ்கர்ட்டிங்குக்குன்னு தனியா எவ்ளோ டைல்ஸ் வாங்கணும்?

சுற்றளவு 44 அடி. கதவுக்கு 3 அடி கழித்தால் 41 ரன்னிங் அடி, அதாவது நீளத்தை மட்டும் அளந்த அடி. 2க்கு 2 டைல் என்பது 600 மி.மீ. சரியாக நாலு இஞ்ச், அதாவது 100 மி.மீ.க்குச் சற்று மேல் வேண்டுமென்றால் ஒரு டைலில் ஐந்து பட்டைதான் வரும், பிளேடு தின்பதும் சேர்த்து. 98 மி.மீ. போதும் என்றால் ஆறு பட்டை கிடைக்கும். அந்தச் சின்ன வித்தியாசம் நின்ற பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. ஒவ்வொரு பட்டையும் ஏறக்குறைய 2 அடி நீளம் என்பதால் ஆறு என்றால் 4 டைல், ஐந்து என்றால் 5 டைல், உடைசலுக்கு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

தரைக்கு 120 சதுர அடி. நாலு டைல் உள்ள ஒரு பாக்ஸ் 15.5 சதுர அடி, எட்டு பாக்ஸ் என்றால் 124. கணக்குக்குச் சரி, ஆனால் மிஞ்சுவது ஒரே டைல். ஓரங்களில் வெட்டிக் கழிவதற்கே அது காணாது, ஸ்கர்ட்டிங்குக்கு எதுவும் இருக்காது. நான் பத்து பாக்ஸ் எழுதிக் கொடுப்பேன். எல்லா பாக்ஸிலும் பேட்ச் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். அதே டிசைன்தானே என்று பிறகு போய் வாங்கினால் நிறம் ஒரு சாயல் மாறியிருக்கும், தரைக்கும் பட்டைக்கும் நடுவில் அது அப்பட்டமாகத் தெரியும்.

சுவரை ஒட்டி எதுக்கு இடம் விடணும்? முட்டப் போட்டாத்தானே கெட்டியா இருக்கும்?

டைல், அடியிலுள்ள கான்கிரீட், சுவர் மூன்றும் வெயிலிலும் குளிரிலும் ஈரத்திலும் வெவ்வேறு அளவில் நீளும், சுருங்கும். நாலு பக்கமும் சுவரில் முட்டியிருந்தால் நீள இடம் இருக்காது. ஒரு நாள் மத்தியானம் நடு ஹாலில் இரண்டு டைல்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கூடாரம் போல் மேலே கிளம்பும். சில வீடுகளில் வெடி வெடித்த மாதிரி சத்தமே கேட்கும். மேற்குப் பார்த்த ஹால், மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறை, டைல்ஸுக்கு நடுவில் ஸ்பேசரே (இடைவெளிக்கு வைக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டு) வைக்காமல் நெருக்கிப் போட்ட தரை, இவற்றில் அதிகம்.

சுவரோரம் 5 முதல் 8 மி.மீ. விடுங்கள். வேலை நடக்கும்போது அதற்குள் சிமெண்ட் கலவை விழுந்து இறுகினால் விட்டதே வீண், அன்றன்றைக்குச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கர்ட்டிங்கையும் தரை டைலில் அழுந்த உட்கார வைக்காமல், 1 முதல் 2 மி.மீ. தூக்கி ஒட்டி, அந்தச் சந்தை சிலிகானால் அடைப்பது நல்லது. ஸ்பேசரையே அடியில் படுக்க வைத்து ஒட்டினால் அளவு ஒரே சீராக வரும்.

பட்டைக்கு நாலு இடத்துல சிமெண்ட் உருண்டை வச்சு அப்பிடுறாங்க. போதுமா?

போதாது. விட்ரிஃபைட் டைல் (அதிகச் சூட்டில் சுட்டு இறுக்கியது) தண்ணீரை உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கும் கீழே. சிமெண்ட் பால் அதன் முதுகில் பிடிப்பதில்லை. காய்ந்ததும் உருண்டை சுவரோடு நிற்கும், பட்டை தனியே வந்துவிடும். நடுவில் காலியாக இருப்பதால் கட்டில் இடித்தாலே விரிசல் விடும். எறும்பும் கரப்பானும் உள்ளே குடியேறும்.

டைல் பசையைப் பல் வைத்த கரண்டியால் முதுகு முழுக்கத் தடவி அழுத்த வேண்டும். டைல் பசைக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15477, மூட்டையில் அது அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பசை பிடிக்க வேண்டியது சுவர்ப் பூச்சில், பெயிண்டில் அல்ல. ஆகவே பட்டை உயரத்துக்கு பெயிண்ட், பட்டி, சுண்ணாம்பு எல்லாவற்றையும் சுரண்டிக் கொத்திவிட வேண்டும். ஒட்டிய பட்டை விழுந்துவிட்டது என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் வீட்டில் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் பட்டையின் முதுகில் பழைய பெயிண்ட் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

சுவரோட சமமா வைக்கணுமா, துருத்திக்கிட்டு நிக்கணுமா? பீரோ சுவத்துல ஒட்டவே மாட்டேங்குது அண்ணா.

பழைய பூச்சின் மேலேயே ஒட்டினால் பட்டையும் பசையும் சேர்ந்து சுவரிலிருந்து அரை இஞ்ச் வெளியே நிற்கும். அதன் தலையில் தூசி படியும், பீரோவும் அவ்வளவு தள்ளித்தான் நிற்கும். சமமாக வேண்டுமென்றால் பட்டை உயரத்துக்குப் பூச்சை வெட்டி எடுக்க வேண்டும். உள்பூச்சு வழக்கமாக 12 மி.மீ. அளவு இருக்கும், பட்டையும் பசையும் அதற்குள் அடங்கிவிடும். எப்படியும் பழைய ஸ்கர்ட்டிங்கை உடைக்கிறீர்கள் என்றால் இந்த முறைதான் என் தேர்வு. வெட்டுக் கோடு முன்பே கிழித்திருப்பதால் கூடுதல் வேலை அதிகமில்லை.

சுவரோடு சேர்த்துச் செய்யும் அலமாரிக்குப் பின்னால் பட்டை வைக்கவே வேண்டாம். அலமாரியின் பக்கப் பலகை வரை கொண்டுவந்து நிறுத்துங்கள். அலமாரி பிறகுதான் வரும் என்றால், அந்த இடத்துப் பட்டைகளை ஒட்டாமல் எடுத்து வையுங்கள்.

மேல் விளிம்புல வெள்ளையா ஒரு கோடு தெரியுதே, அது ஏன்?

மேலே மட்டும் டிசைன் அச்சிட்ட டைல்ஸில் உடம்பு வேறு நிறம். வெட்டிய ஓரத்தில் அது தெரிகிறது. டபுள் சார்ஜ் வகையில் மேல் நிறம் சில மி.மீ. ஆழம் போகும், ஃபுல் பாடி வகையில் முழுக்க ஒரே நிறம். சுவரோடு சமமாக வைத்தால் விளிம்பு மறைந்துவிடும். துருத்தி வைப்பதென்றால் கம்பெனி ஓரம், அதாவது வெட்டுப்படாத ஓரம், மேலே வரும்படி பட்டைகளைப் பொறுக்கி, கண்ணில் படுகிற சுவர்களுக்கு வையுங்கள். இரண்டு பக்கமும் வெட்டுப்பட்ட நடுப்பட்டைகள் கட்டிலுக்குப் பின்னால் போகட்டும்.

சுவரு கோணலா கீது. நடுவுல அரை இஞ்ச் குழி விழுது. பசையைக் கெட்டியா வச்சு சரி பண்ணலாமா?

அவ்வளவு தடிமனுக்குப் பசை ஆகாது, காயும்போது சுருங்கி இழுத்துவிடும். குழியை முதலில் பூசிச் சமன் செய்து, அது காய்ந்த பிறகு ஒட்டுங்கள். சுவர் முழுக்க வளைந்திருந்தால் நூல் பிடித்து நேராக நிறுத்துவதைவிட வளைவோடு போவதே மேல். நேர்ப்பட்டைக்கும் கோணல் சுவருக்கும் நடுவே விரிந்து குறுகும் இடைவெளிதான் கண்ணை உறுத்தும்.

ஸ்கர்ட்டிங்குக்கு மேல ஒரு ஜாண் உயரத்துக்கு உப்பு பூக்குது. பெயிண்ட் அடிச்சாலும் திரும்ப வருது. டைல்ஸ் போட்டதாலயா?

டைல்ஸ் உப்பை உண்டாக்கவில்லை, இருந்த ஈரத்தை மேலே தள்ளியிருக்கிறது. பழைய வீடுகளில், முக்கியமாகச் சுண்ணாம்புக் கலவையில் கட்டிய தடித்த சுவர்களில், அடித்தளத்துக்கு மேல் ஈரம் தடுக்கும் அடுக்கு இருக்காது. மண்ணிலுள்ள ஈரம் செங்கல் வழியே ஏறி, முன்பு சுவரின் அடியிலேயே காற்றில் உலர்ந்துகொண்டிருந்தது. இப்போது அந்த இடத்தில் ஈரம் விடாத பட்டையை ஒட்டி, தரையையும் மூடிவிட்டோம். அதற்கு வெளியேற வழி பட்டைக்கு மேலேதான். ஈரம் உலரும்போது கூட வந்த உப்பு அங்கே வெள்ளையாகப் பூக்கிறது.

இந்தப் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டது உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பும் வந்தது. அந்த போர் தண்ணீரிலேயே கலவை போட்டால் உப்பை நாமே சுவருக்குள் வைத்துப் பூசுகிறோம். கட்டுமானத் தண்ணீரில் குளோரைடு, கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம், கம்பி இல்லாததற்கு 2000 வரைதான் என்று ஐ.எஸ். 456 வரம்பு வைத்திருக்கிறது. ஸ்கர்ட்டிங் வேலைக்கு வேண்டியது சில குடம்தான், அதற்காவது நல்ல தண்ணீர் பிடித்துக் கொடுங்கள்.

வேலைக்கு முன்பே சோதிக்கலாம். சுவரின் அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் முத்து கோர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் என்றால் அறைக் காற்றின் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பார்த்தால் உண்மை தெரியும், சித்திரையில் எல்லாச் சுவரும் காய்ந்துதான் இருக்கும். உள்ளிருந்து வந்தால் முதலில் மூலத்தைத் தேடுங்கள்: குளியலறைக் குழாய்க் கசிவா, வெளியே சுவரை ஒட்டி மண் மேடிட்டிருக்கிறதா, மாடித் தண்ணீர் சுவரடியிலேயே கொட்டுகிறதா? அதைச் சரிசெய்து, கெட்ட பூச்சை உரித்து, சுவரைச் சில வாரமாவது உலர விடுங்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே பொருந்தும். அங்கே நாலு இஞ்சுக்கு மேல் பட்டை வைக்காதீர்கள். ஈரத்தை மறைக்க ஒரு மீட்டர் உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் உண்டு, அந்த வீடுகளில் உப்பு ஒரு மீட்டருக்கு மேலே போய்ப் பூத்ததைப் பார்த்திருக்கிறேன்.

பெயிண்ட் முன்னாடியா, பின்னாடியா?

பட்டி, பிரைமர், முதல் கோட் முன்னாடி. பிறகு ஸ்கர்ட்டிங். கடைசிக் கோட் அதற்குப் பின், பட்டையின் தலையில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு.

மரத்துல, பிவிசியில எல்லாம் வருதே அக்கா, அது போடலாமா?

ஒரு இல்லத்தரசி என் மனைவியிடம் கேட்டது. எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) பட்டை வேண்டாம், துடைக்கும் தண்ணீரில் ஊதிவிடும். மரம் என்றால் கரையான் பயம், உப்பு ஈரம் உள்ள சுவரில் சொல்லவே வேண்டாம். பிவிசி பட்டைக்குத் தண்ணீராலும் கரையானாலும் ஒன்றும் ஆகாது, சுவரைக் கொத்தாமலே ஒட்டலாம். ஆனால் சுவர் நேராக இருக்க வேண்டும். நேர் வெயில் விழும் இடத்தில் நிறம் மங்கும்.

தோட்டப்பாளையத்துல வீட்டை ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விடுறோம். ஆள் மாறும்போதெல்லாம் ஆசிட் ஊத்திக் கழுவுறாங்க. ஸ்கர்ட்டிங் ஜாயின்ட் எல்லாம் கரையுது.

டைல்ஸ் இணைப்பை அடைத்திருக்கும் சிமெண்ட் கிரவுட்டை ஆசிட் தின்றுவிடும். மொசைக், கடப்பா கல் தரையும் அதே ஆசிடில் அரிக்கும், இரண்டிலும் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அடிக்கடி கழுவும் அறைகளுக்கு எபாக்ஸி (பிசின் வகை) கிரவுட் போடுங்கள். விலை அதிகம், ஆனால் சிமெண்ட் கிரவுட்டைவிடப் பல மடங்கு தாக்குப்பிடிக்கும். ஆசிடை நிறுத்திச் சோப்புக் கரைசலுக்கு மாற்றுவதும் அவசியம், தங்குகிற நோயாளிகளுக்கும் அந்தப் புகை ஆகாது.

படிக்கட்டுக்கு எப்படி வைக்கணும்? படி படியா வெட்டணுமா, சாய்வா ஒரே பட்டையா?

இரண்டும் உண்டு. படி படியாக வெட்டினால் ஒவ்வொரு படிக்கும் ஒரு நிற்கும் துண்டு, ஒரு படுக்கும் துண்டு. வெட்டு, மூலை இணைப்பு எல்லாம் கூடும், கூலியும் கூடும். சாய்வுப் பட்டை என்றால் வேலை சுருக்கம். ஆனால் படி மூக்கிலிருந்து மேல் விளிம்பு வரை நாலு இஞ்ச் நிற்க வேண்டும் என்பதால், படியின் உள்மூலையில் அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் உயரம் தேவைப்படும், டைல்ஸ் அதிகம் செலவாகும். பழைய படிகளில் உயரம் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும். அப்படிப்பட்ட வீட்டில் சாய்வுப் பட்டையே நல்லது, படி படியாக வெட்டினால் அந்த ஏற்றத்தாழ்வு அத்தனையும் சுவரில் கோடு போட்டுக் காட்டும்.

மேஸ்திரி தரைக்கு சதுர அடி ரேட் பேசினாரு. முடிஞ்சதும் ஸ்கர்ட்டிங்குக்குத் தனியா கேக்குறாரு. நியாயமா?

வழக்கம் அதுதான். தரை சதுர அடிக்கு, ஸ்கர்ட்டிங் ரன்னிங் அடிக்கு. நாலு இஞ்ச் அகலம்தானே என்று சதுர அடியில் கணக்குப் போட்டால் அவருக்குக் கட்டாது, வெட்டுவதும் கொத்துவதும் தரையைவிட அதிகம். ஆனால் ஆரம்பத்திலேயே பேசியிருக்க வேண்டும். பழைய ஸ்கர்ட்டிங் உடைப்பு, சுவர் கொத்துவது, விளிம்பு தேய்ப்பது, குப்பை அள்ளுவது இதெல்லாம் அந்த ரேட்டில் சேர்த்தியா என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது கதவு வாசல்களைக் கழித்து, நிற்கும் பட்டையை மட்டும் டேப் வைத்து அளக்க வேண்டும். படிக்கட்டுக்கு மட்டும் படி ஒன்றுக்கு இவ்வளவு என்று தனியாகப் பேசிவிடுங்கள்.